கிட்டுக்கு மட்டும் கறக்கும் பசு

ஏபெல் சக்டன் செத்து முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை யார்க் நகர ஆவணக் காப்பகத்தில் இரண்டு பேர் அவரை வலைவீசித் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஒருத்தி ஹெஸ்டர் கிளெக். ஒரு காலத்தில் வருமான வரி அலுவலகத்தில் உட்கார்ந்து பொய்க் கணக்குகளை மோப்பம் பிடித்தவள். இப்போது செத்தவர்களைக் கண்டுபிடித்து, உயிரோடிருக்கும் சொந்தக்காரர்களிடம் ஒப்படைப்பது அவள் தொழில். இன்னொருவன் அவளுடைய உதவியாளன் பாரி ஸ்னெல். தெற்கே கென்ட் பக்கத்துக்காரன். வடக்கே வந்து ஏழெட்டு வருஷம் ஆகியும் குளிர் பழகவில்லை, வாய் அடங்கவில்லை.

"பாஸ், உயில் அட்டவணை முடிஞ்சுது," என்றான் பாரி, மேஜைமேல் தலையைக் கவிழ்த்து. "எல்லா எழுத்துப்பிழையோடயும் தேடிட்டேன். சக்டன், சொக்டன், ஷுக்டன். ஒருத்தர் சுகர்டன்னு கூட இருக்கார். இனிப்பான மனுஷன் போல. நம்மாளைத்தான் காணோம். உயிலே எழுதாம போயிட்டாரோ?"

"எழுதலை. சொன்னார்," என்றாள் ஹெஸ்டர்.

அதுதான் விஷயம். ஸ்கெல்பெக் என்ற மலையடிவார ஊரில் ஆற்றங்கரையை ஒட்டி ஆறு கல்வீடுகள் இருக்கின்றன. கம்பளி வியாபாரி ஏபெல் 1668-இல் விஷக்காய்ச்சலில் விழுந்தபோது, எழுதத் தெரிந்தவனைக் கூட்டிவர அவகாசமில்லை. கட்டிலைச் சுற்றி நின்ற அண்டைவீட்டார் மூன்று பேரின் காதில் கடைசி விருப்பத்தைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். வீடுகள் நின்றது குத்தகை நிலத்தில் என்பதால் அந்தக் காலத்துச் சட்டத்துக்கு வாய்ச்சொல்லே போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து அந்த ஆறு வீடுகளும் ஒண்ட இடமில்லாத உள்ளூர்க்காரர்களுக்கு.

ஏபெல் சொன்னதை மூன்று சாட்சிகளும் நீதிமன்றத்தில் போய் ஒப்பித்தார்கள். அந்தத் தாள் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் அறக்கட்டளை இன்றைக்கும் வேதவாக்காக வைத்திருப்பது, விக்டோரியா ராணி காலத்தில் ஊர்ப் பாதிரியார் ஒருவர் அச்சிட்ட சின்னப் புத்தகத்தை. அதில் ஏபெல் ஒரு பிரசங்கியைப் போலப் பேசுகிறார். வீடுகளில் முதல் உரிமை, 'எனதருமைச் சகோதரர் மேத்யூவின் குமாரன் கிறிஸ்டோபருக்கும் அவனது சந்ததியாருக்கும்'. கிறிஸ்டோபரோ கல்யாணம் ஆகாமலேயே கடலில் மூழ்கிப்போனான். சந்ததியும் அவனோடு முழுகியது. ஆகவே முதல் உரிமை என்று ஒன்று இனி யாருக்கும் கிடையாது, காலியாகும் வீட்டை என்ன செய்வது என்பது அறங்காவலர்கள் இஷ்டம். ஆறாம் நம்பர் வீடு இப்போது காலி. அதை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வார வாடகைக்கு விடலாமா என்று அறங்காவலர்கள் அன்று பிற்பகல் இரண்டு மணிக்குக் கூடி முடிவெடுக்கப் போகிறார்கள்.

அந்த வீட்டைக் கேட்டு நிற்பவள் ஹெஸ்டரின் கட்சிக்காரி மேவிஸ் ஹோல்ராய்ட். பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் கரண்டி பிடித்தவள். எழுபதைத் தாண்டிய அவளும் தம்பி வில்ஃபும் கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல் பிறந்த நாளிலிருந்து ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். வாடகை வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். நகராட்சி அவளுக்கு ஒரு ஊரில் ஒற்றை அறையும், அவனுக்கு மலைக்கு அந்தப் பக்கம் முதியோர் விடுதியில் ஒரு கட்டிலும் ஒதுக்கியிருந்தது. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். ஆறாம் நம்பர் கிடைத்தால் இருவரும் சேர்ந்திருக்கலாம். கிடைக்காவிட்டால் இந்த வயதில் அக்காவும் தம்பியும் பிரிந்தாகவேண்டும்.

மேவிஸின் வம்சத்தைத் தோண்டிக்கொண்டு போன ஹெஸ்டர், உயில் உயிலாகப் பிடித்து ஏறி, கிறிஸ்டோபரின் அக்கா கேத்தரீன் சக்டன் வரை போய்ச் சேர்ந்திருந்தாள். கேத்தரீன் ஹோல்ட்ஸ்வொர்த் என்பவனைக் கட்டிக்கொண்டு ஒன்பது பிள்ளைகள் பெற்றவள். ஏணி ஒரு படி விடாமல் நின்றது. சாய்க்கத்தான் சுவரில்லை. பாதிரியாரின் புத்தகத்தில் கேத்தரீன் என்ற பெயரே கிடையாது.

"அந்தப் பாதிரியார் எதைப் பாத்து எழுதினாரோ, அதை நான் பாக்கணும்," என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் ஹெஸ்டர். இப்போது பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பாரியைப் பார்த்தாள். அந்த அறையில் பேனாவுக்கு அனுமதியில்லை.

"பாரி, நீ ஏபெல். காய்ச்சல்ல கொதிக்கறே. மூச்சு வாங்குது. சுத்தி மூணு பேர். என்ன சொல்லுவே?"

"மொதல்ல ஒரு பீர் கேப்பேன்."

"அப்புறம்?"

"வீட்டை அவங்களுக்குக் குடு, மாட்டை இவங்களுக்குக் குடுன்னு சொல்லுவேன்."

"யார் குடுக்கணும்னு சொல்லுவியா? நான் போனப்புறம் இதையெல்லாம் இன்னார் நின்னு நிறைவேத்தணும்னு ஒரு பேர்?"

பாரி யோசித்தான். சாகிற நேரத்தில் அவ்வளவு ஒழுங்காக இருக்கத் தன்னால் முடியாது என்று ஒப்புக்கொண்டான்.

"அவராலயும் முடிஞ்சிருக்காது. அப்படி ஆள் பேர் சொல்லாம செத்தா, நீதிமன்றம் சொந்தத்துல ஒருத்தரைக் கூப்பிட்டு, நீ பாத்து நிர்வாகம் பண்ணுன்னு ஆணை குடுக்கும். சொன்ன வார்த்தையெல்லாம் ஒரு தாள்ல எழுதி அந்த ஆணையோட வாலா ஒட்டிடுவாங்க. அப்ப அது எந்தக் கட்டுல போகும்?"

"உயில் கட்டுல இல்ல." பாரி நிமிர்ந்து உட்கார்ந்தான். "நிர்வாக ஆணைக் கட்டுல. உயில் எழுதாம செத்தவங்களோட."

"ரெண்டு நாளா நாம தப்பான வீட்டுக் கதவைத் தட்டிட்டிருக்கோம்."

நிர்வாக ஆணை அட்டவணையில் ஏபெல் சக்டன் முதல் பக்கத்திலேயே இருந்தார், வெகு நேரமாகக் காத்திருந்தவர் போல. காப்பகத்துப் பெண் நீலக் கம்பளிச் சட்டையோடு வந்து, ஒரு மெத்தைமேல் ஆவணக் கட்டை வைத்து, நாடாவை அவிழ்த்து, ஓரங்கள் சுருளாமலிருக்க மணிச்சரம் போன்ற எடையைத் தாள்மேல் கிடத்திவிட்டுப் போனாள்.

மேலே நிர்வாக ஆணை. அண்ணன் மேத்யூ சக்டனுக்கு. கீழே சின்னதாக இன்னொரு தாள். ஹெஸ்டர் குனிந்து வாய்க்குள் படிக்க ஆரம்பித்தாள். எழுதிய குமாஸ்தா நேர்மையானவன். சாட்சிகள் ஒப்பித்ததை ஒரு சொல் திருத்தாமல் அப்படியே பிடித்துவைத்திருந்தான். பிரசங்கி போன இடம் தெரியவில்லை. ஸ்கெல்பெக் சந்தையில் இன்றைக்கும் கேட்கிற குரல் தாளிலிருந்து வந்தது.

"'வீடு ஆறும் ஒண்ட எடமில்லாதவங்களுக்கு. ஆனா மொதல்ல எங்க கிட்டுக்கும், எங்க கிட் வழியா வர்றவங்களுக்கும். அப்புறம்தான் மத்தவங்க. செவலைப் பசு எங்க கிட்டோட போகட்டும். அது வேற யாருக்கும் கறக்காது, காலை உதறும். தொப்பியை எங்க மேத்யூ எடுத்துக்கட்டும். ரொம்ப நாளா அதுமேல கண்ணு வச்சிருக்கான்.'"

பாரி சிரிப்பை அடக்கமுடியாமல் கைக்குட்டையை எடுத்தான். பக்கத்து மேஜைக்காரர் முறைத்தார்.

"பாதிரியாருக்குப் பசுவும் தொப்பியும் பிடிக்கலை போல," என்று கிசுகிசுத்தான். "அதுசரி, 'எங்க'ன்னா யாரோட? நின்ன மூணு பேருக்கும் சேத்தா?"

"தெக்கத்திக்காரன்னு நிரூபிக்காதே. எங்க பக்கம் ரத்த சொந்தம்னா பேருக்கு முன்னாடி 'எங்க' போட்டுத்தான் சொல்லுவோம். மேவிஸ் தம்பியை என்னைக்காவது வெறும் வில்ஃப்னு சொல்லிக் கேட்டிருக்கியா?"

"இல்ல. எங்க வில்ஃப், எங்க வில்ஃப். மொதல்ல அதுதான் அவர் முழுப்பேருன்னு நினைச்சேன்."

கிட் என்பது செல்லப் பெயர். பாதிரியார் அதைக் கிறிஸ்டோபர் என்று நீட்டி, குமாரன், சந்ததி என்றெல்லாம் ஜரிகை வைத்துத் தைத்துவிட்டார். ஆனால் அந்தக் காலத்தில் கிறிஸ்டோபரையும் கிட் என்பார்கள், கேத்தரீனையும் கிட் என்பார்கள். தாளில் ஆணா பெண்ணா என்று காட்டும் ஒரு சொல்கூட இல்லை. இரண்டு பேருமே ஏபெலின் அண்ணன் பிள்ளைகள். இரண்டு பேருக்குமே 'எங்க' பொருந்தும்.

பாரியின் முகம் விழுந்தது. "பூவா தலையான்னு கேட்டா காசு நட்டமா நின்னுடுச்சே பாஸ். கென்வர்தி இதைப் பாத்தா என்ன சொல்லுவார்? கிட்னா கிறிஸ்டோபர், அன்னைக்கும் சொன்னேன் இன்னைக்கும் சொல்றேன்னு மூட்டையைக் கட்டிடுவார்."

ரூபர்ட் கென்வர்தி அறக்கட்டளையின் வழக்கறிஞர். ஹெஸ்டர் மறுபடி தாள்மேல் குனிந்தாள். ஒரு வரியின் மேல் விரலைத் தொடாமல் காற்றிலேயே ஓட்டிக்கொண்டிருந்தாள். பிறகு காப்பகத்துப் பெண்ணைக் கூப்பிட்டு முத்திரை வைத்த நகல் ஒன்று வேண்டும் என்றாள்.

வேனில் ஏறியபோது தூறல். பாரி ஓட்டினான். ஹெஸ்டர் பன்றிக்கறி வைத்துச் சுட்ட அப்பம் ஒன்றைக் காகிதத்திலிருந்து பிரித்து அவனுக்குப் பாதி கொடுத்தாள். பாதி வழியில் மலைப்பாதை முழுக்க ஆடுகள். மேய்ப்பவன் அவசரப்படுகிறவனாகத் தெரியவில்லை. பாரி ஹாரன் அடித்தான். ஒரு கிடா திரும்பிப் பார்த்துவிட்டு அதே இடத்தில் படுத்துக்கொண்டது. கென்வர்தியின் சொந்தக்காரனாக இருக்கும் என்றான் பாரி.

"கென்வர்திகிட்ட கிறிஸ்டோபரோட ஞானஸ்நானப் பதிவு இருக்குமா?" என்று கேட்டாள் ஹெஸ்டர்.

"நிச்சயமா. சட்டைப் பித்தானுக்குக் கூட ரசீது வச்சிருக்கற ஆள். ஏன், நம்மகிட்டயே நகல் இருக்கே?"

"நாம காட்டக்கூடாது. நான் வாசிச்சா அது என் பேச்சு. எதிர்த்து ஏதாவது சொல்லுவார். அவர் வாசிச்சா அது அவர் பேச்சு. அதை அவரால எதிர்க்க முடியாது."

"அதுல என்ன இருக்குன்னு சொல்லுங்களேன்."

"வாயில இருக்கறதை முழுங்கிட்டுப் பேசு. ரோட்டைப் பாரு."

அவர்கள் சர்ச் மண்டபத்துக்குள் நுழைந்தபோது கூட்டம் தொடங்கிவிட்டது. மடக்கு நாற்காலிகளில் ஊர் பாதி உட்கார்ந்திருந்தது. இலவசத் தேநீரும் இஞ்சிக் கேக்கும் என்றால் ஸ்கெல்பெக்கில் எந்தக் கூட்டமும் நிரம்பும். தலைமை நாற்காலியில் ஈனிட் ரஷ்வொர்த். இறைச்சிக் கடை நடத்தி ஓய்வு பெற்றவள். இன்னும் எதையும் ஒரே வெட்டில் முடிக்கவேண்டும் என்று நினைப்பவள். பக்கத்தில் கென்வர்தி, அடுக்கிய காகிதங்களுக்குப் பின்னால்.

மேவிஸ் முதல் வரிசையில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹெஸ்டரைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. "வந்துட்டியா கண்ணு. எங்க வில்ஃப் வெளியில பஸ் ஸ்டாப் பெஞ்சில உக்காந்திருக்கான். உள்ள வரமாட்டேங்கறான். கூட்டம்னா அவனுக்கு ஆகாது."

கென்வர்தியைக் கெட்டவர் என்று சொல்லமுடியாது. நாலு வீடுகளில் கூரை ஒழுகுகிறது, ஆறாம் நம்பரைக் கோடைகாலத்தில் சுற்றுலாக்காரர்களுக்கு விட்டால் அந்தப் பணத்தில் மற்ற கூரைகளைச் சரிசெய்யலாம், இதில் யாருக்கும் அநியாயம் இல்லை என்று பொறுமையாக விளக்கினார். முதல் உரிமை கொண்ட வம்சம் அழிந்துவிட்டது என்று பாதிரியாரின் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். மிஸ் ஹோல்ராய்டின் நிலை தனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னார். சொன்னது உண்மை என்று முகத்தில் தெரிந்தது.

ஹெஸ்டர் எழுந்து, முத்திரை வைத்த நகலை ஈனிட்டின் முன்னால் வைத்தாள். ஈனிட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தாள். தொப்பி வந்த இடத்தில் மண்டபம் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் எல்லோரும் கென்வர்தியைப் பார்த்தார்கள்.

அவர் அசரவில்லை. அருமையான கண்டுபிடிப்பு என்று பாராட்டினார். பாதிரியார் பசுவை விட்டுவிட்டாரே தவிர ஆளை மாற்றவில்லை, கிட் என்றால் கிறிஸ்டோபர்தான் என்றார்.

"அப்படி ஒரு கிறிஸ்டோபர் இருந்ததுக்கு ஆதாரம் இருக்கா மிஸ்டர் கென்வர்தி?" என்று கேட்டாள் ஹெஸ்டர், ஒன்றும் தெரியாதவள் போல. பாரி கேக்கைக் கடிப்பதை நிறுத்தினான்.

கென்வர்தி புன்னகையோடு மூன்றாவது அடுக்கிலிருந்து ஒரு தாளை உருவினார். "இந்த ஊர் சர்ச் பதிவேடுதான். 'கிறிஸ்டோபர், மேத்யூ சக்டனின் மகன். ஞானஸ்நானம், 1665 மே.' போதுமா?"

"போதும். ரொம்ப நன்றி. அது பிறந்த குழந்தைக்குச் செஞ்சதுதானே? பெரியவனான பிறகு இல்லையே?"

"பிறந்து நாலு நாள்னு ஓரத்துல எழுதியிருக்கு."

"ஏபெல் செத்த வருஷம்?"

"1668," என்றார் கென்வர்தி. சொல்லி முடித்த பிறகு, வாய் மூடிய பிறகு, அவர் கண்கள் மறுபடியும் தாளுக்குப் போயின.

ஹெஸ்டர் அவசரப்படவில்லை. "மூணு வயசுக் குழந்தைக்கு வீடு எழுதலாம். உரிமையும் குடுக்கலாம். அதுல தப்பில்ல. ஆனா அந்தச் செவலைப் பசு எங்க கிட் தவிர வேற யாருக்கும் கறக்காது, காலை உதறும்னு செத்தவர் சொல்றார். அப்படின்னா எங்க கிட் தினமும் அதைக் கறந்திருக்கணும். மிஸ்டர் கென்வர்தி, மூணு வயசுப் பையனா கறந்தான்?"

பின்வரிசையில் ஒரு விவசாயி, காலை உதறுகிற மாட்டுப் பக்கத்தில் தன் பையனை மூன்று வயதில் விட்டிருந்தால் பெண்டாட்டி தன்னையே உதறியிருப்பாள் என்று சொன்னார். மண்டபம் மறுபடி சிரித்தது.

"அந்தக் காலத்துல வளந்த ஆம்பளைக்கே கறவை வேலை கிடையாது," என்றாள் ஹெஸ்டர். "பால், வெண்ணெய், சீஸ் எல்லாம் பொம்பளைங்க கையில. அன்னைக்கு மேத்யூ வீட்டுல கிறிஸ்டோபருக்கு ஒரு அக்கா இருந்தா. பத்தொன்பது வயசு. பேரு கேத்தரீன். பசுவுக்கு ஆளை அடையாளம் தெரிஞ்சுது. பாதிரியாருக்குத்தான் தெரியலை."

ஈனிட் ரஷ்வொர்த் மேஜையைத் தட்டினாள். கேத்தரீனிலிருந்து மேவிஸ் வரை ஹெஸ்டர் தயாரித்த வம்சப் படம் கைமாறிக் கைமாறிப் போயிற்று. மேவிஸ் கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினாள். பாரி அடுத்த கேக் துண்டுக்குக் கையை நீட்டினான்.

அப்போதுதான் கென்வர்தி மறுபடி எழுந்தார்.

வம்சப் படம் அவர் கையில் இருந்தது. அதை அவர் வழக்கறிஞர் படிப்பது போல மேலிருந்து கீழாகப் படிக்காமல், இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டிருந்தார். கேத்தரீன்தான் கிட் என்பதை முழுமனதோடு ஒப்புக்கொள்வதாகச் சொன்னார். பிறகு ஒரு சின்னச் சந்தேகம் என்றார்.

"கேத்தரீனுக்கு ஒன்பது பிள்ளைங்க. மிஸ் கிளெக் ஒரு பிள்ளையோட கிளையைத்தான் கீழ வரைக்கும் கொண்டுவந்திருக்காங்க. மத்த எட்டுப் பேரும் எங்க போனாங்க? நான் வெளியூர்க்காரன், எனக்குத் தெரியாது. உங்க குடும்பத்துல ஹோல்ட்ஸ்வொர்த் வழின்னு யாராவது இருந்தா தயவுசெஞ்சு கையைத் தூக்குங்க."

முதலில் விவசாயியின் கை. பிறகு தபால் அலுவலகத்துப் பெண். பிறகு வரிசை வரிசையாக. தேநீர்ப் பாத்திரத்துக்குப் பின்னாலிருந்து இரண்டு கைகள் எழுந்தன. கடைசியில் தலைமை நாற்காலியில் ஈனிட் தன் கையைத் தூக்கினாள், தன் பாட்டனாரின் அம்மா ஹோல்ட்ஸ்வொர்த் என்று தயக்கத்தோடு சொல்லிக்கொண்டே. மேவிஸும் தூக்கினாள். மண்டபத்தில் தூக்காத கைகள் கென்வர்தி, ஹெஸ்டர், பாரி ஆகியோருடையவை மட்டும்தான் என்று சொல்லலாம்.

"பாத்தீங்களா?" என்றார் கென்வர்தி மென்மையாக. "எல்லாருக்கும் முதல் உரிமைன்னா யாருக்கும் முதல் உரிமை இல்லைன்னு அர்த்தம். மிஸ் ஹோல்ராய்டுக்கு மட்டும் தனியா ஒண்ணும் கிடையாது. நாம பழையபடி தொடங்கின இடத்துக்கே வந்துட்டோம்."

தூக்கிய கைகள் அப்படியே நின்றன. மேவிஸின் முகத்திலிருந்து நிறம் இறங்கியது. பாரி ஹெஸ்டரைப் பார்த்தான். எடுத்த கேக் துண்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தான்.

ஹெஸ்டர் அந்தக் கைகளை வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். திரும்பியபோது அவள் முகத்தில் வரி அலுவலகத்து நாட்களின் பழைய சிரிப்பு இருந்தது. பொய்க் கணக்கு எழுதியவர்கள் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு நாற்காலியில் நெளிவார்கள் என்பார்கள்.

"மிஸ்டர் கென்வர்தி, நான் முந்நூறு வருஷத்துத் தாளைத் தேடிச் செய்யணும்னு இருந்த வேலையை நீங்க ஒரே கேள்வியில செஞ்சுட்டீங்க. இந்தக் கையெல்லாத்தையும் எண்ணி நடவடிக்கைக் குறிப்புல எழுதிக்குங்க."

கென்வர்தி புருவத்தைச் சுருக்கினார்.

"நீங்க ஆறாம் நம்பரை வெளியாளுக்கு விடலாம்னு சொன்னது எதனால? கிட் வம்சம் அழிஞ்சுபோச்சுன்னு. இப்ப வம்சம் பூரா கையைத் தூக்கிட்டு உக்காந்திருக்கு. மொதல்ல எங்க கிட் வழியா வர்றவங்களுக்கு, அப்புறம்தான் மத்தவங்கன்னு ஏபெல் சொன்னார். எங்க மேவிஸ் முந்தியா, எங்க ஈனிட் முந்தியான்னு அவர் சொல்லலை. உள்ள இருக்கறவங்க எல்லாரும் முந்தி, வெளிய இருக்கறவங்க பிந்தி. அவ்வளவுதான். வம்சத்துல ஒருத்தராவது ஒண்ட எடமில்லாம வந்து கேட்டு நிக்கற வரைக்கும் சுற்றுலாக்காரனுக்கு அந்தக் கதவு திறக்காது." அவள் ஈனிட் பக்கம் திரும்பினாள். "எல்லாருக்கும் உரிமை இருக்கு. சரி. கேக்கறது எத்தனை பேரு?"

ஈனிட்டுக்கு இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீடில்லாமல் இருந்து, ஆறாம் நம்பரைக் கேட்கிறவர்கள் மட்டும் கையை வைத்திருங்கள், மற்றவர்கள் இறக்குங்கள் என்றாள்.

கைகள் சடசடவென்று இறங்கின. இரண்டு மட்டும் நின்றன. ஒன்று தேநீர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் இருந்தது. என்னவென்று கேட்டதற்கு, பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்காகத் தூக்கியதாகச் சொன்னாள் அந்தப் பெண். இன்னொன்று மேவிஸுடையது. அவள் அதை இறக்கவே மறந்துபோயிருந்தாள்.

கென்வர்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோற்றவர் முகம் மாதிரி இல்லை அது. ஒரு நல்ல சதுரங்க ஆட்டத்தைப் பார்த்தவர் முகம். ஆனாலும் தன் கட்சியை விடவில்லை. கூரைகள் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கின்றன, அதற்கு என்ன வழி என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

"வழி இருக்கு," என்றாள் ஈனிட். "சொந்தம்னு கையைத் தூக்கின ஒருத்தரும் கூரைக்கு ஒரு கை குடுக்காம இந்த மண்டபத்தை விட்டு வெளிய போகக்கூடாது. மிஸ்டர் கென்வர்தி, வாசல்ல நின்னு பேரை எழுதுங்க. ஓடு போடத் தெரிஞ்சவங்க ஒரு பக்கம், ஏணி பிடிக்கறவங்க ஒரு பக்கம். ரெண்டும் தெரியாதவங்க சமைக்கட்டும்."

வழக்கறிஞர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். கோடு வழக்கம்போல நேராக இருந்தது.

வெளியே தூறல் விட்டிருந்தது. வில்ஃப் ஹோல்ராய்ட் பஸ் ஸ்டாப் பெஞ்சில், தொப்பியை முழங்காலில் கவிழ்த்துவைத்து, சாலையின் எதிர்ப்பக்கம் ஓடும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. முதியோர் விடுதிக்காரர்கள் இவ்வளவு பெரிய பெட்டிதான் கொண்டுவரலாம் என்று அளவு சொல்லியிருந்தார்கள். அவன் காலையிலேயே கட்டி வைத்துவிட்டான்.

மேவிஸ் அவன் முன்னால் போய் நின்றாள். வீடு கிடைத்துவிட்டது, இரண்டு பேருக்கும் சேர்த்து, எங்கேயும் போகவேண்டாம் என்றாள். மூச்சு வாங்கியது.

வில்ஃப் ஆற்றைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். பிறகு வெகு நேரம் தன் பூட்ஸைப் பார்த்தான்.

"மோசமில்ல," என்றான்.

மேவிஸ் அங்கேயே, அந்தப் பெஞ்சிலேயே பொத்தென்று உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். பாரிக்குத் தாங்கவில்லை. ஹெஸ்டரின் பக்கம் சாய்ந்து, நாம் ஊரையே புரட்டிப் போட்டுவிட்டு வந்திருக்கிறோம், மனுஷன் இவ்வளவுதானா சொல்வார் என்று முணுமுணுத்தான். அது மேவிஸின் காதில் விழுந்துவிட்டது.

"நீ தெக்கத்திக்காரன், உனக்குத் தெரியாது கண்ணு," என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "எங்க வில்ஃப் இப்படி வாய்விட்டுச் சந்தோஷப்பட்டு நான் பாத்ததே இல்ல."

வில்ஃப் பெட்டியின் கொக்கியைத் திறந்தான். மேலே மடித்து வைத்திருந்த கம்பளிச் சட்டையை எடுத்து உதறி, மாட்டிக்கொண்டான்.